கணினிக்குள் காற்றின் வழி

மூன்று ஆண்டுகளாக, இரவு பத்து மணிக்கு மேல், பார்வையற்ற மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து வருகிறேன். பதிவு நடக்கும் அறை மதுரையில் எங்கள் வீட்டின் மேல் தளத்தில் இருக்கிறது. அதற்கு மேலே மொட்டை மாடிதான். பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் கூரை அந்த வெப்பத்தை இரவில்தான் அறைக்குள் இறக்கும். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போது சீலிங் ஃபேனை நிறுத்தியாக வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் அந்த நேரத்திலும் அறையின் வெப்பநிலை 36 டிகிரியில் நிற்கும். ஜன்னலையும் சாத்திவிட்டு, அமைதி வந்துவிட்டது என்று நினைக்கும் கணத்தில், மேசைக்குக் கீழே இருக்கும் கணினியின் விசிறிகள் வேகமெடுக்கத் தொடங்கும்.

இதை நான் நெடுநாள் பொருட்படுத்தாமல் இருந்தேன். சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், 12-ஆம் வகுப்பு மாணவி ஒருவர் தொலைபேசியில், "சார், நீங்க நிறுத்துற இடத்துலெல்லாம் பின்னால ஏதோ ஏறி ஏறி இறங்குது" என்று தயங்கிச் சொன்னார். அவர்கள் பாடங்களை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பவர்கள். சொற்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளை வைத்துத்தான் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளிகளை என் கணினியின் இரைச்சல் நிரப்பிக்கொண்டிருந்தது. அன்று தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றையும் அளந்து, கணினியை அமைதியாக்கினேன். அந்த வேலையில் தெரிந்துகொண்டவற்றை, குறிப்பாக முதலில் நான் தவறாகப் புரிந்துகொண்டவற்றை, இங்கே எழுதி வைக்கிறேன்.

கணினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரைசன் 7 5700எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க், இவற்றை அடக்கிய, முன்புறம் முழுவதும் மூடிய ஒரு கேபினட். பகலில் இதே கணினியில் பாடக் காணொளிகளைத் தொகுக்கிறேன். இரவில் பதிவு நடக்கும்போதும் பின்னணியில் ஏதேனும் ஒரு காணொளி ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும், அதாவது தொகுத்த துண்டுகள் இறுதிக் காணொளியாக உருவாகிக்கொண்டிருக்கும். பிராசசர் முழுவீச்சில் 76 வாட் வரையிலும், கிராஃபிக்ஸ் கார்டு 170 வாட் வரையிலும் எடுத்துக்கொள்ளக்கூடியவை. எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதால், கணினியைக் குளிர்விப்பது என்பது உண்மையில் 250 வாட் வெப்பத்தை அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வெளியேற்றும் வேலை.

என் முதல் முயற்சி, சத்தம் வருகிறது என்றால் அதை அடைத்துவிடலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது. கேபினட்டின் பக்கவாட்டுத் தகடுகளிலும் மேல் மூடியிலும் எட்டு மில்லிமீட்டர் நுரைப்பஞ்சை ஒட்டினேன். மேல் மூடியில் இருந்த துளைகளும் அதில் மறைந்தன. ஒரு நாள் இரவு சற்றே மென்மையாகக் கேட்டது போலிருந்தது. மறுநாள் ரெண்டரிங் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் முன்பைவிட அதிக இரைச்சல் வந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. நுரைப்பஞ்சு ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்குக்கு அருகிலாவது இருக்க வேண்டும். விசிறியின் ஆழ்ந்த முனகல் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸில் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதாகக் கொண்டால், அதன் அலைநீளம் 2.3 மீட்டர், கால் பங்கு 57 சென்டிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் பஞ்சு அதன் முன்னால் இல்லாததற்குச் சமம். பத்தாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய சீறலைத்தான் அதனால் நன்றாகத் தணிக்க முடியும். இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது: பஞ்சு காற்றின் வழியை அடைத்தது, உள்ளே வெப்பம் கூடியது, கணினியின் மையப் பலகையான மதர்போர்டு அதைக் கண்டு விசிறிகளை வேகமாகச் சுழற்றியது. சத்தத்தை அடைக்கப் போய், சத்தத்தை உண்டாக்கும் காரணத்தையே வளர்த்துவிட்டேன்.

பஞ்சை உரித்து எடுத்த பிறகு, எதையும் வாங்குவதற்கு முன் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினேன். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் கணினி மேசையில், கேபினட்டை வைப்பதற்கென்று கீழே ஓர் அறை இருக்கும். மூன்று பக்கமும் பலகை, முன்பக்கம் மட்டும் திறப்பு. என் கணினியும் அதற்குள்தான் இருந்தது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கேபினட்டின் பின்புறத்துக்கும் பலகைக்கும் இடையே இருந்த நான்கு விரல் இடைவெளிக்கு அருகே பிடித்தேன். பின் விசிறி தள்ளிய காற்றோடு புகை பலகையில் மோதி, கேபினட்டின் பக்கவாட்டில் இருந்த சந்து வழியாக முன்னுக்கு வந்து, மீண்டும் முன்புற இடுக்கின் வழியே உள்ளே போனது. வெளியே தள்ளிய வெப்பக் காற்றையே கணினி திரும்பத் திரும்ப உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. சமையலறையில் பாலின் சூடு பார்க்க வைத்திருக்கும் வெப்பமானியை முன்புற இடுக்கின் அருகே வைத்தபோது 42 டிகிரி காட்டியது. அறையிலோ 36 டிகிரிதான். (ஊதுபத்திப் புகையை ஓரிரு நொடிகளுக்கு மேல் கணினி உள்ளிழுக்க விடக் கூடாது, அதன் பிசின் வெப்பத் தகடுகளில் படியும்.)

கேபினட்டை அந்த மேசையறையிலிருந்து வெளியே எடுத்து, மேசைக்கு அருகே, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, நான்கு சென்டிமீட்டர் உயர மரக்கட்டைகளின் மேல் வைத்தேன். உள்ளே போகும் காற்று ஆறு டிகிரி குளிர்ந்தது. ஒரு ரூபாய் செலவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கணினிகள் அந்த மேசையறைக்குள் வேகின்றன என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் யாரேனும் செய்து பார்ப்பதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்.

இனி வெப்பக் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் வேண்டும். ஆகவே உள்ளே உண்டாகும் வெப்பத்தையும், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் அறிந்தால், எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். சுவர் பிளக்கில் செருகும் மின் அளவி, முழுச் சுமையில் 285 வாட் காட்டியது. பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே வீணாகி அதன் தனி வழியில் வெளியேறும் பங்கைக் கழித்தால், பெட்டிக்குள் ஏறக்குறைய 250 வாட். முன்புறம் 36 டிகிரி, பின் விசிறியின் வாயில் 55 டிகிரி, வேறுபாடு 19. கணக்குப்படி மணிக்குச் சுமார் 40 கன மீட்டர் காற்றுதான் பெட்டியைக் கடக்கிறது. முன்புறத்தில் இருந்த இரண்டு விசிறிகளின் அட்டைப்பெட்டியில், ஒவ்வொன்றும் மணிக்கு 80 கன மீட்டருக்கு மேல் தள்ளும் என்று அச்சிட்டிருந்தது. அந்த எண் எதிரே எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில் அளந்தது. தடை கூடக் கூட விசிறி தள்ளும் காற்று குறைந்துகொண்டே வரும். அட்டையில் போட்டிருக்கும் உச்சக் காற்றளவும் உச்ச அழுத்தமும் எந்த விசிறிக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை.

இந்தக் கணக்கு நமக்கு ஏன் மிகவும் முக்கியம் என்பதை விளக்க வேண்டும். சிப்பின் வெப்பநிலை என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய படிகளின் கூட்டுத்தொகை: அறையின் வெப்பநிலை, அதன் மேல் பெட்டிக்குள் காற்று சூடாகும் அளவு, அதன் மேல் ஹீட் சிங்க் (சிப்பின் வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகத் தொகுதி) காற்றைவிடச் சூடாக இருக்கும் அளவு, கடைசியாகச் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையிலான வேறுபாடு. இணையத்தில் நாம் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி வரையிலான அறைகளில் நடப்பவை. அங்கே 68 டிகிரி காட்டும் பிராசசர், அதே பெட்டியில், அதே விசிறி வேகத்தில், 36 டிகிரி அறையில் 80 டிகிரிக்கு மேல் போகும். அது கருவியின் குறை அல்ல, அடிப்படி உயர்ந்துவிட்டது அவ்வளவுதான். எனவே சோதனைகளைப் படிக்கும்போது, அறை வெப்பநிலையைக் கழித்து, மிஞ்சும் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அறையின் வெப்பத்தை நம்மால் மாற்ற முடியாதபோது, அதற்கு அடுத்த படியான பெட்டிக் காற்றின் வெப்பத்தைக் குறைப்பதே நம் கையில் இருக்கும் பெரிய வாய்ப்பு.

தடை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முன்புற மூடியை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். என் கணினியில் பிராசசர் 86 டிகிரியிலிருந்து 77 டிகிரிக்கு இறங்கியது. இந்தப் பிராசசருக்கு உச்ச வரம்பே 90 டிகிரி. ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதால் மட்டும் ஒன்பது டிகிரி குறைகிறது என்றால், புதிய ஹீட் சிங்க், திரவக் குளிர்விப்பு என்று தேடுவதற்கு முன் அந்த மூடியைத்தான் பார்க்க வேண்டும். மூடியின் இரு ஓரங்களிலும் 35 சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் உள்ள இடுக்குகள் இருந்தன. மொத்தம் 70 சதுர சென்டிமீட்டர். அவற்றுக்குப் பின்னால் இருந்த இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகளின் இறக்கைகள் கடக்கும் பரப்போ ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டர். அதற்கும் மேல், இடுக்கில் நுழையும் காற்று இரண்டு முறை செங்குத்தாகத் திரும்பித்தான் விசிறியை அடைகிறது. மூடிய முகப்பு அமைதிக்காக என்று சொல்லித்தான் அந்தக் கேபினட்டை விற்றார்கள். குளிர்ந்த நாட்டில், குறைந்த வெப்பம் தரும் பாகங்களோடு அது பயன்படலாம். என் அறைக்கு அது பொருந்தவில்லை.

புதிய கேபினட் வாங்காமல் பழைய மூடியையே வெட்டினேன். ஹேக்ஸா பிளேடால் நடுப்பகுதியை அறுத்து எடுத்து, விளிம்புகளை அரத்தால் தேய்த்து, உள்பக்கத்திலிருந்து ஒரு வலையை எம்-சீல் வைத்துப் பொருத்தினேன். எந்த வலை என்பதில் கவனம் வேண்டும். எங்கள் தெரு முனையில் உள்ள கிரில் பட்டறையில் முதலில் கொடுத்தது இரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகள் மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த தகடு. பார்க்க அழகாக இருந்தது. கணக்கிட்டால் அதன் திறந்த பரப்பு 30 விழுக்காடுதான். தேன்கூடு போன்ற அறுகோணத் துளைகள் ஐந்து மில்லிமீட்டரும், இடைச்சுவர் ஒரு மில்லிமீட்டரும் உள்ள வலையில் திறந்த பரப்பு ஏறத்தாழ 69 விழுக்காடு. இரண்டுமே வலைதான், காற்றுக்கோ இரண்டும் வெவ்வேறு. அறுகோண வலையைத் தேடி வாங்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை. அதற்குப் பின்னால் தூசிக்காக மெல்லிய நைலான் வலையைக் காந்தப் பட்டையில் வைத்தேன். நெருக்கமான துணியையோ பஞ்சையோ வைத்தால் செய்த வேலை முழுவதும் வீணாகும்.

அடுத்து விசிறிகள். இங்கே நான் நீண்ட நேரம் செலவிட்டேன், ஏனெனில் அமைதியின் திறவுகோல் விசிறியின் இயற்பியலில்தான் இருக்கிறது. ஒரு விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்தின் விகிதத்தில் மாறும். அழுத்தம் வேகத்தின் இருமடியாக மாறும். எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மும்மடியாக மாறும். சத்தமோ, வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். அதே சமயம், ஒரே அளவு சத்தமிடும் இரண்டாவது விசிறியைச் சேர்ப்பதால் கூடுவது மூன்று டெசிபெல் மட்டுமே. ஆகவே ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால், கிட்டத்தட்ட அதே காற்று கிடைத்து, சத்தம் 12 டெசிபெல் குறைகிறது. விசிறிகளைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று நினைத்து, முன்புறத்தில் ஒன்றைக் கழற்றி வைத்திருந்த காலமும் எனக்கு இருந்தது.

ஆனால் வேகம் பாதியாகும்போது அழுத்தம் கால் பங்காகிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. மெதுவாகச் சுழலும் விசிறிக்குத் தடையைத் தாண்டும் வலு குறைவு. எனவே திறந்த வழியும் மெதுவான விசிறியும் எப்போதும் சேர்ந்தே வர வேண்டும். மூடிய முகப்பில் மெதுவான விசிறிகளைப் போட்டுவிட்டு, அவை குளிர்விக்கவில்லை என்று குறை சொல்வது சரியல்ல. முன்புறத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25. 2018-இல் வெளிவந்த இந்த விசிறியில், இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான். அந்த இடுக்கு வழியாகத்தான் தடை இருக்கும் இடத்தில் காற்று பின்னோக்கிக் கசியும் என்பதால், இடுக்கு குறுகக் குறுக, குறைந்த வேகத்திலும் விசிறி தடையைத் தாக்குப்பிடிக்கிறது. சுழலும்போது பிளாஸ்டிக் நீண்டு சட்டத்தில் உரசாமலிருக்க, இறக்கைகளைத் திரவப் படிகப் பாலிமரில் செய்திருக்கிறார்கள். விலை அதிகம்தான். பின்புறத்துக்கு ஆர்க்டிக் பி12 போட்டேன்; அந்த இடத்துக்கு அது தாராளமாகப் போதும்.

விசிறிகளை எங்கே வைப்பது என்பதில் பலரும் மேல் மூடியை நிரப்பிவிடுகிறார்கள். வெப்பக் காற்று மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் கேபினட்டின் உயரத்தில், பத்து டிகிரி வேறுபாட்டில், அந்த மிதப்பு விசை 0.2 பாஸ்கலைக்கூட எட்டுவதில்லை. நிமிடத்துக்கு 900 சுற்று வேகத்தில் ஓடும் ஒரு நல்ல விசிறி நான்கைந்து பாஸ்கல் அழுத்தம் தரக்கூடியது. ஆகவே உள்ளே காற்றின் திசையைத் தீர்மானிப்பது விசிறிகளே. மேல் மூடியின் முன்பக்கத்தில் வெளியேற்றும் விசிறியை வைத்தபோது, முன்புறத்தில் நுழைந்த புதிய காற்று பிராசசரை அடையும் முன்பே அதன் வழியாக வெளியேறிவிட்டது. பிராசசர் வெப்பம் இரண்டு டிகிரி கூடியது. அதை எடுத்துவிட்டேன். இப்போது முன்னால் இரண்டு விசிறிகள் உள்ளிழுக்கின்றன, பின்னால் ஒன்று வெளியேற்றுகிறது. உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருப்பதால் மிஞ்சியது கிராஃபிக்ஸ் கார்டின் அருகிலுள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவதற்குப் பதில், எல்லாக் காற்றும் வடிகட்டியைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. நம் ஊர்த் தெருக்களின் தூசிக்கு இந்த அமைப்பு மிகவும் ஏற்றது. கீழ் விசிறியை இயன்றவரை தாழ்வாக வைத்தால் அது நேராகக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஊதும். அந்த மூன்று விரல் உயர மாற்றத்தில் மட்டும் கார்டு மூன்று டிகிரி குளிர்ந்தது.

இப்போது அந்த மாணவி சொன்ன "ஏறி ஏறி இறங்குது" என்பதற்கு வருகிறேன். என் காதில் அது பதியவே இல்லை. பதிவை ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் புரிந்தது. ஒன்பது இறக்கைகள் உள்ள விசிறி நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழன்றால், இறக்கைகள் கடக்கும் ஒலி 150 ஹெர்ட்ஸ். பக்கத்து விசிறி 1,010 சுற்றில் ஓடினால் அதன் ஒலி 151.5 ஹெர்ட்ஸ். இரண்டும் கலக்கும்போது நொடிக்கு ஒன்றரை முறை ஓங்கித் தணியும் அலையாகக் கேட்கும். தம்புராவின் இரண்டு தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது, இன்னும் இம்மி பிசகியிருக்கும் நிலையில் எழும் அதே அதிர்வலைதான் இது. சுருதி சேர்ப்பவர் அந்த அலை மறையும்வரை முறுக்காணியைத் திருப்புவார். விசிறிகளில் அவ்வளவு துல்லியமாக வேகத்தை ஒன்றாக்க முடியாது என்பதால் நான் எதிர்த்திசையில் போனேன்: கீழ் விசிறி 800 சுற்று, மேல் விசிறி 700, பின் விசிறி 620 என்று நன்றாகப் பிரித்து வைத்தேன். அலை மறைந்தது. மொத்த டெசிபெல் ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் காதுக்கு அறை வேறாகிவிட்டது.

மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்தான் நம்மைத் தொந்தரவு செய்கிறது. ஒரே சீராக இருப்பதைக் காது விரைவில் மறந்துவிடும். பிராசசரின் வெப்பநிலை ஒரு நொடியில் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும், ஏனெனில் சிப்பு மிகச் சிறியது. அதன் மேல் இருக்கும் ஹீட் சிங்க் அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகம், அது சூடாக நிமிடங்கள் ஆகும். சிப்பின் ஒவ்வொரு துள்ளலுக்கும் விசிறி எதிர்வினை காட்ட வேண்டிய தேவையே இல்லை. பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பகுதியில்) விசிறி வேகம் ஏறவும் இறங்கவும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, வெப்பநிலைக்கு ஏற்ற விசிறி வேகத்தைக் காட்டும் கோட்டை 65 டிகிரி வரை தட்டையாக வைத்தேன். முன் விசிறிகளைப் பிராசசரின் வெப்பநிலையோடு பிணைக்காமல், ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் வழியாகக் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையோடு பிணைத்தேன், பெட்டிக்குள் அதிக வெப்பம் தருவது அதுதான் என்பதால்.

கிராஃபிக்ஸ் கார்டின் விசிறிகளில் இன்னொரு சிக்கல் இருந்தது. சுமை இல்லாதபோது அவை முழுவதும் நின்றுவிடும்படி அமைத்திருந்தார்கள். குளிர்ந்த அறையில் இது நல்ல ஏற்பாடு. என் அறையில் கார்டு சும்மா இருக்கும்போதே விசிறி தொடங்கும் எல்லையை எட்டிவிடும். அரை நிமிடம் சுழலும், நிற்கும், நான்கு நிமிடம் கழித்து மீண்டும் சுழலும். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு உதறல் சத்தம், அது ஒவ்வொரு முறையும் பதிவில் விழும். நிற்கும் வசதியை அணைத்து, குறைந்தபட்ச வேகத்தில் இடைவிடாமல் ஓடும்படி வைத்த பிறகு அது தீர்ந்தது.

காற்றின் வழியைச் சரிசெய்த பிறகுதான் வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது பற்றி யோசித்தேன். உண்மையில் இதை முன்பே செய்திருக்கலாம். சிப்பு எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியாகவும் மாறும். 1.05 வோல்ட்டில் ஓடும் கார்டை, அதே வேகத்தில் 0.9 வோல்ட்டில் ஓட வைக்க முடிந்தால், மின்சாரம் கால் பங்குக்கு மேல் குறைகிறது. எல்லாச் சிப்பும் இதற்கு இடம் கொடுக்காது. சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் மணிக்கணக்கில் சோதிக்க வேண்டும். நான் இன்னும் எளிய வழியில் போனேன்: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 170 வாட்டிலிருந்து 130-ஆகவும், பயோஸில் பிராசசரின் வரம்பை 76-லிருந்து 60-ஆகவும் குறைத்தேன். முன்பு அரை மணி நேரம் எடுத்த ரெண்டரிங்குக்கு இப்போது இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது. நள்ளிரவில் ஓடும் வேலைக்கு அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பெரிதில்லை.

சிறு வேலைகளும் சில உண்டு. 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அதிர்வு தகரத்துக்கும் தரைக்கும் ஏறி, வீணையின் குடம் தந்தியின் ஒலியைப் பெரிதாக்குவதுபோல் பெருகும். மரக்கட்டைகளின் மேல் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்துத் தணித்தேன். பிறகு டிஸ்க்கையே வெளியே எடுத்து, காப்புப் படி எடுக்கும்போது மட்டும் இணைக்கிறேன். விசிறிகளைத் திருகுக்குப் பதில் சிலிகான் பின்களால் மாட்டினேன். பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் நான்கு ஆண்டுகளில் காய்ந்திருந்தது. பிராசசரின் அடியில் ஊசிகள் இருக்கும் இந்த ஏஎம்4 வகை மதர்போர்டில் ஹீட் சிங்கை நேராகத் தூக்கினால், காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கி, அதன் ஊசிகளை வளைத்துவிடக்கூடும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் சுமை கொடுத்துச் சூடாக்கி, அணைத்துவிட்டு, மெதுவாக இடமும் வலமும் திருகி எடுப்பது பாதுகாப்பு.

ஜூலையில் மீண்டும் முழுச் சுமையில் அளந்தேன். அறையில் 35 டிகிரி. வெளியே வரும் காற்று 43, பிராசசர் 71, கார்டு 67. அறை ஒரு டிகிரி குளிர்ந்திருந்தது என்பதைக் கழித்தாலும் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. அளவியில் 285 வாட் காட்டிய இடத்தில் இப்போது 225. எந்த விசிறியும் 850 சுற்றைத் தாண்டுவதில்லை. தொலைபேசிச் செயலிகள் காட்டும் டெசிபெல் எண்களை நான் நம்புவதில்லை என்பதால், பேசாமல் பதிவு செய்த பத்து நொடியை, அதே ஒலிவாங்கியில், அதே இடத்தில், ஒலியை அதே அளவு உயர்த்தி, முன்னும் பின்னும் ஒப்பிட்டேன். பின்னணி இரைச்சல் 14 டெசிபெல் இறங்கியிருக்கிறது. ஒலிவாங்கியின் முதுகைக் கணினியின் பக்கம் திருப்பி வைத்தது இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த நிலையைக் காப்பது வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதில் இருக்கிறது. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய மாதத்தில் பத்தே நாளில் வலை சாம்பல் நிறமாகி, பிராசசர் நான்கு டிகிரி ஏறியது. இப்போது ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் வலையைக் கழுவி நிழலில் உலர்த்துகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை உள்ளே புளோயர் கொண்டு ஊதுகிறேன். ஊதும்போது விசிறிகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும்.

அந்த மாணவிக்குப் புதிய பதிவு ஒன்றை அனுப்பிக் கேட்டேன். "இப்ப நீங்க மூச்சு விடுறதுகூடக் கேக்குது சார்" என்றார். பழைய பதிவுகளில் 11-ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடங்கள் மூன்று இன்னும் அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அவற்றை மீண்டும் வாசித்துவிட வேண்டும் என்று நேற்று இரவு முதல் பாடத்தைத் தொடங்கியிருக்கிறேன்.